ஒண்ணாம் வகுப்பு வாசலில் ஏலக்காய் முறம்

ஒண்ணாம் வகுப்பில் எங்களோடு ஒரு பெரிய மனுஷியும் இருந்தாள். எங்களுக்கெல்லாம் ஐந்து வயது, ஆறு வயது. அவளுக்கு முப்பதை நெருங்கியிருக்கும். வகுப்புக்கு உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். மடியில் முறம், முறம் நிறைய ஏலக்காய். நாங்கள் மணலில் 'அ' போடுவோம், அவள் காய்க்குக் காம்பு கிள்ளுவாள். வாத்தியார் எங்களைப் பார்ப்பார், அவள் வாத்தியாரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெயர் தெரியாது. போடியில் எங்கள் அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். அவருடைய களத்தில் காய் பொறுக்கிய பெண்கள் அவளைத் 'தேவாரத்துக்காரி' என்பார்கள், ஊர் தேவாரம் என்பதால். நாங்கள் 'பேச்சி அம்மா' என்போம், அவள் மகள் பேச்சி எங்களோடு படித்ததால். 'அவர்' என்று மரியாதையாக எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ சொல்வதுபோல் இருந்தது. அவள் அவளாகவே இருக்கட்டும்.

பிடிவாதக்காரி என்று அவளை எல்லோரும் சொன்னார்கள். பிடிவாதக்காரிதான், யார் இல்லையென்றது? ஒரு பெண்ணைத் திட்டுவதற்கென்றே அந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருப்பவர்களோடு எனக்கு இந்த வயதிலும் ஒத்துப்போவதில்லை.

அவள் வாயில் எந்நேரமும் ஒரு வார்த்தை இருக்கும். "அதுக்கென்ன இப்ப?" மழை வருது, காயை உள்ளே எடு என்றால், "அதுக்கென்ன இப்ப, எடுத்துட்டாப் போச்சு." மொதலாளி கோபமாக இருக்கிறார் என்றால், "அதுக்கென்ன இப்ப, நானுந்தான் கோவமா இருக்கேன்." களத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிப்பார்களே தவிர ஒருத்தியும் அவளைப்போல் சொல்லத் துணிந்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அன்றே ஆரம்பித்துவிட்டது. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். பிறந்த தேதியெல்லாம் யாருக்குத் தெரியும்? வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்ததாகக் கணக்கு. எனக்கு எட்டவில்லை. பெரிய வாத்தியார், "தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கம்மா" என்று வழி சொல்லிக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார். ஏலக்காய் மொதலாளி மகளுக்குத் தலை சாய்க்க அனுமதி உண்டு.

எனக்குப் பின்னால் பேச்சி நின்றாள். கையைத் தூக்கச் சொன்னதும் இடது கையைத் தூக்கித் தலைக்கு மேலாக வளைத்து வலது காதைப் பிடித்துக்கொண்டாள். காது முழுசும் கைக்குள் வந்திருந்தது.

"இந்தக் கை இல்ல, அந்தக் கை" என்றார் பெரிய வாத்தியார்.

"காது எட்டுச்சா இல்லையா சாமி?" என்று கேட்டாள் பேச்சி அம்மா.

"எட்டுச்சு. ஆனா பீச்சாங்கையில்ல தூக்குறா?"

"காத எட்டணும்னுதான சொன்னீக? எந்தக் காது, எந்தக் கைன்னா சொன்னீக?"

பின்னால் வரிசை நீளமாக இருந்தது. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய வாத்தியார் பெயரை எழுதிக்கொண்டார். எழுதும்போது, "இந்தப் பழக்கத்த எல்லாம் இங்க மாத்திருவோம்" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். பேச்சி அம்மா அவரை நிமிர்ந்து பார்த்த பார்வை ஆறுதல் அடைந்தவள் பார்வையாக இல்லை.

முதல் பருவத்தில் என்ன படித்தீர்கள் என்று யாராவது கேட்டால், எழுத்து கடைசியில்தான் வரும். அம்மா பக்கத்தில் இல்லாமல் உட்காரப் படித்தோம். அழுகையை மூக்கோடு உறிஞ்சிக்கொள்ளப் படித்தோம். பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நிற்கவும், ஒண்ணுக்கு வந்தால் ஒற்றை விரலைக் காட்டவும் படித்தோம். ஆளுக்கொரு குவியல் ஓடை மணல் முன்னால் இருக்கும். அதைத் தட்டிச் சமமாக்கி விரலால் எழுத வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் மணலை முழங்காலால் நம் பக்கம் தள்ளிக்கொள்ளவும் படித்தோம். இதையெல்லாம் எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டோம்.

எங்கள் வகுப்பு வாத்தியார் கவனமாகச் சொல்லித் தந்தது ஒன்று உண்டு. எழுதுகிற கை வலது கை. சாப்பிடுகிற கை, கும்பிட்டுத் திருநீறு வாங்குகிற கை, காசு கொடுக்கிற கை எல்லாம் அதுவே. எங்கள் பக்கத்தில் அதற்குப் பேரே சோத்துக்கை. மற்றது பீச்சாங்கை. அதன் வேலை என்னவென்று அந்தப் பேரே சொல்லிவிடும்.

வாத்தியார் கெட்டவர் இல்லை. மூக்கு ஒழுகினால் தன் துண்டாலேயே துடைத்துவிடுவார். பசி மயக்கத்தில் தூங்கி விழுந்த பிள்ளையை எழுப்பாமல் விட்டுவிடுவார். ஆனால் பீச்சாங்கை மணலைத் தொட்டால் சரஸ்வதிக்கு ஆகாது என்று மனசார நம்பினார். அடித்துப் பார்த்தார். பேச்சி விரலை உதறிவிட்டு மறுபடி அதே கையை நீட்டினாள். மூக்குத் துடைக்கிற அந்தத் துண்டை எடுத்து அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் வளைத்து இடுப்போடு சேர்த்துக் கட்டினார். பேச்சி அழவில்லை. வலது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மணி அடித்ததும் கட்டோடு வீட்டுக்கு ஓடினாள், துண்டும் போய்விட்டது.

மறுநாள் காலையில் பேச்சியோடு அவள் அம்மாவும் வந்தாள். ஒரு தோளில் துவைத்து மடித்த துண்டு. இடுப்பில் முறம். தலையில் ஏலக்காய் மூட்டை.

"இந்தாங்க ஒங்க துண்டு" என்று வாத்தியாரிடம் நீட்டினாள், இடது கையால். வலது கை தலைச் சுமையைப் பிடித்திருந்தது. வாத்தியார் வாங்கத் தயங்கினார். அவள் அதை நாற்காலி மேல் வைத்துவிட்டு வாசற்படியில் மூட்டையை இறக்கி உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது? வகுப்புக்குள்ள தாய்மாரு உக்காரக்கூடாது."

"நான் எங்க உள்ள இருக்கேன்? படியிலதான இருக்கேன்."

"எதுக்கு இருக்கீங்கன்னு கேக்குறேன்."

"எம் புள்ள கையப் பாத்துக்கிறதுக்கு. ஒங்க சோலிய நீங்க பாருங்க. எஞ் சோலிய நான் பாக்குறேன்."

முறத்தில் காயைக் கொட்டி, காம்பு கிள்ள ஆரம்பித்தாள். எந்தக் கையால் என்று சொல்ல வேண்டியதில்லை. வலது கை முறத்தைச் சுழற்றிக் கொடுக்கும், இடது கையின் கட்டைவிரல் நகம் கிள்ளிப்போடும். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே விரல் துறுதுறுக்கும். அன்றிலிருந்து எங்கள் வகுப்பு ஏலக்காய் வாசம் அடித்தது. அதற்கு முன் மூத்திர வாசம்.

வேலையை இப்படி வெளியே எடுத்து வர அவள் எங்கள் அப்பாவிடம் வாங்கிய அனுமதியே ஒரு சண்டைதான். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். களத்துக் காய் களத்தைவிட்டு வெளியே போகாது என்பது அப்பாவின் சட்டம். பள்ளிக்கூடத்துக்குப் போவதானால் போ, வேலைக்கு வேறு ஆள் இருக்கு என்றார்.

"வேற ஆளு இருந்தா வச்சுக்கங்க மொதலாளி. என்னைய மாதிரி உடையாமக் கிள்ளுற ஆள வச்சுக்கங்க. இல்லாட்டி நிறுத்துக் குடுங்க, சாயங்காலம் காயும் காம்பும் சேத்து நிறுத்து வாங்கிக்கங்க. ஒரு காய் கொறஞ்சா நாளைலருந்து வரல."

அப்பா தராசை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு நிறுக்கச் சொன்னார். அவர் இளகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் கிள்ளிய காய்க்கு மதுரையில் நல்ல விலை கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்த எடைதான் எங்கள் வகுப்பில் இன்னொரு வேடிக்கைக்குக் காரணமாயிற்று. வாத்தியாருக்கு வெற்றிலையோடு ஏலக்காய் மெல்லும் ஆசை உண்டு. ஒரு மத்தியானம் பாடம் முடிந்து, வெற்றிலையை மடித்து வைத்துக்கொண்டு, படியருகே வந்து குரலைத் தாழ்த்தி, "ஒரு காய் குடுங்களேன்" என்று வலது கையை நீட்டினார்.

பேச்சி அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எடை கொறையும் சாமி."

"ஒரே ஒரு காய்தான?"

"ஒத்தக் காய்னாலும் மொதலாளி காய். அதோட நான் பீச்சாங்கையாலதான குடுக்கணும், ஒங்களுக்கு ஆகாதே."

எங்களுக்கு அப்போது இரண்டாவது பாதிதான் புரிந்தது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. வாத்தியார் திரும்பி, "யாருடா சிரிச்சது?" என்றார். எல்லோரும் மணலைத் தட்ட ஆரம்பித்தோம்.

அவள் வாசலில் இருந்த நாளிலிருந்து பேச்சியின் கையை யாரும் கட்டவில்லை, அடிக்கவும் இல்லை. ஆனால் வாத்தியார் வேறொன்று செய்தார். பேச்சியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். மணலில் எங்கள் எழுத்தையெல்லாம் குனிந்து பார்த்துத் திருத்திக்கொண்டு வருவார், பேச்சியின் மணலைத் தாண்டிப் போய்விடுவார். ஒரு தடவை அவள் அம்மா காதில் விழும்படி, "விஜயதசமி வரைக்கும்தான். அன்னைக்கு சாமி முன்னால அரிசியில எல்லாப் பிள்ளையும் 'அ' எழுதணும், வலது கையால. எழுதுனாத்தான் சிலேட்டு. எழுதாத பிள்ளை வீட்டுக்குப் போயிற வேண்டியதுதான்" என்றார்.

எங்கள் பள்ளியின் வழக்கம் அது. ஜூன் மாதம் சேர்ந்த பிள்ளைகளுக்கு விஜயதசமி வரை மணல்தான். அன்றைக்குத் தாம்பாளத்து அரிசியில் எழுதி, சரஸ்வதி படத்தைக் கும்பிட்டு, கையில் சிலேட்டை வாங்கினால்தான் அசல் மாணவர்கள். எழுதிய அரிசியை அப்படியே அண்டாவில் கொட்டிப் பொங்கி எல்லோருக்கும் கொடுப்பார்கள். அரிசி, வெல்லம், ஏலக்காய் எல்லாம் எங்கள் அப்பாவின் உபயம்.

பேச்சி அம்மா தன் கைத் தழும்பைப் பற்றிச் சொன்னதும் அந்த நாட்களில்தான். இடது உள்ளங்கையின் நடுவில், காசு அளவுக்கு, தோல் சுருங்கிப் பளபளவென்றிருக்கும். மழைக்கு வகுப்பு ஒழுகி நாங்களெல்லாம் வாசல் பக்கமாக ஒண்டிக்கொண்ட ஒரு நாள் நான் கேட்டுவிட்டேன்.

"இது என்ன பேச்சி அம்மா?"

"எங்காத்தா வச்சது. கரண்டியக் காய்ச்சி வச்சா."

"எதுக்கு?"

"பீச்சாங்கையால சோறு அள்ளுனேன்ல, அதுக்கு."

"வலிச்சுச்சா?"

"வலிக்காமயா இருக்கும்? கேக்குறா பாரு."

"அப்புறம் சோத்துக்கையால சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேனே. அவ பாக்குறப்பல்லாம்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். சிரிக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு பேச்சி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது தினமும் தலைவாரிவிடுகிற கை.

ஆவணி பிறந்ததும் மலையில் காய்ப் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. பறிப்புக் காலத்தில் கீழே இருக்கிற பெண்கள் கூட்டம் கூட்டமாகக் குரங்கணிப் பாதையில் ஏறுவார்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போவார்கள். மலைக்கூலி களத்துக்கூலியைப்போல் இரண்டு பங்கு. பேச்சியின் அப்பாவும் மேலே தோட்டத்தில்தான் இருந்தார், திருவிழாவுக்குத் திருவிழா இறங்கி வருவார். பேச்சி அம்மாவைக் கூட்டிப்போக, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி ஒருவன் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டான். காதில் கடுக்கன், தோளில் கம்பளி.

"என்னத்தா, ஊரே மலையேறிருச்சு. நீ இங்க படியில குந்திக்கிட்டிருக்க. ஒம் புருசன் கேட்டுவிட்டாரு."

"இந்தப் பறிப்புக்கு வரலன்னு சொல்லிருங்கண்ணே."

"புள்ள படிச்சு என்ன கலெக்டராவா ஆவப்போவுது?"

"ஆவல. அதுக்கென்ன இப்ப?"

"பொம்பளப்புள்ள, அதுலயும் பீச்சாங்கை. நாளைக்கு எவன் கட்டிக்கிடுவான்?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "என்னைய ஒருத்தன் கட்டலையா? அந்த மனுசன்ட்டயே போய்க் கேளுங்க, சோத்துல எந்தக் கை ருசின்னு. பாத்துப் போங்கண்ணே, மழை வருது."

கங்காணி போனபின் அவள் நிறைய நேரம் காயைத் தொடாமல் இருந்தாள். கூலியை விட்டது அவளுக்கும் உறைத்திருக்கும். பேச்சிக்கு அந்த வருஷம் தீபாவளிப் பாவாடை கிடையாது என்று அந்த வாசற்படியிலேயே முடிவாகிவிட்டது. அதை நான் பிறகு, பழைய பாவாடையில் கீழே துணி வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு பேச்சி வந்தபோது தெரிந்துகொண்டேன்.

எங்கள் அம்மா நல்லவள். யாருக்கும் நோகாமல் காரியம் முடிக்க வேண்டும் அவளுக்கு. தசமிக்கு முந்தின நாள், எடை போட வந்த பேச்சி அம்மாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, "ஒரே ஒரு எழுத்து. சாமி முன்னால வலது கையால எழுதிட்டுப் போகட்டுமே. சிலேட்டு கைக்கு வந்தப்பறம் எந்தக் கையால எழுதுனா யாரு பாக்கப்போறா?" என்று சொன்னாள்.

"எங்காத்தாவும் இதத்தாம்மா சொன்னா. நாலு பேரு பாக்குற எடத்துல மட்டும் சோத்துக்கையால சாப்பிடு ஆத்தான்னு. நாலு பேரு பாக்காத எடம் எது இருக்கு சொல்லுங்க?"

"அப்ப சிலேட்டு கிடைக்காதே, பிள்ளைய அனுப்பிருவாகளே."

பேச்சி அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தாள். அவள் பதில் சொல்லாமல் போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். 'அதுக்கென்ன இப்ப' கூட வரவில்லை.

விஜயதசமி அன்று பள்ளிக்கூடத்தை மாவிலை கட்டிச் சாணி தெளித்துக் கோலம் போட்டு வைத்திருந்தார்கள். சரஸ்வதி படத்துக்குச் செவ்வந்தி மாலை. படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் பச்சரிசி. முற்றத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெல்லமும் இடித்த ஏலக்காயும் போட்டு, முதல் பொங்கல் இறக்கியாயிற்று. எழுதி முடிந்த அரிசி அடுத்த அண்டாவுக்கு. அப்பா ஜரிகைத் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பெரிய வாத்தியார் அவர் பக்கத்தில். பெற்றவர்கள் சுவரோரமாக நின்றார்கள். பேச்சி அம்மா அன்றைக்கு முறம் இல்லாமல் வந்திருந்தாள். முறம் இல்லாத அவளை எனக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று.

வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையாக மடியில் இருத்தி, வலது கை விரலைப் பிடித்து அரிசியில் 'அ' போட வைத்தார். போட்டதும் ஒரு சிலேட்டு. எனக்கு முந்தின முறை பேச்சிக்கு. வாத்தியார் மூன்று மாதம் கழித்து அன்றுதான் அவளை நேராகப் பார்த்தார். "வா ஆத்தா" என்று அன்பாகத்தான் கூப்பிட்டார். மடியில் இருத்திக்கொண்டு வலது கையைப் பிடித்தார். பேச்சி விரல்களை மூடிக்கொண்டாள். அவர் பிரிக்கப் பார்த்தார், அவள் இன்னும் இறுக்கினாள். மூடிய கையை அப்படியே அரிசி மேல் கொண்டுபோனார். அந்தச் சமயத்தில் அவளுடைய மற்ற கை வந்து, அரிசியில் பெரிதாக, சுழியும் வளைவும் கோடும் சரியாக, 'அ' போட்டுவிட்டது.

எங்கள் வகுப்பிலேயே நல்ல 'அ' அது. யாரும் அதைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்கள்.

"அபசாரம்!" என்றார் சுவரோரம் நின்ற ஒருவர். பெரிய வாத்தியார் எழுந்துவிட்டார். "அரிசியைக் கொட்டுங்க. வேற அரிசி கொண்டாங்க. இது சாமிக்கு ஆகாது." பிறகு பேச்சி அம்மா பக்கம் திரும்பி, "பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார்.

அவள் நகரவில்லை.

"இந்த அரிசி ஆகாதுன்னா, அந்தப் பொங்கலும் ஆகாது. அதையும் கொட்டுங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதுல போட்ட ஏலக்காயக் கிள்ளுனது நான். இந்தக் கையால" என்று இடது கையை விரித்துக் காட்டினாள். தழும்பு எல்லோருக்கும் தெரிந்தது. "நான் மட்டுமில்ல. மலையில செடி அடியில குந்திக்கிட்டு ரெண்டு கையாலயும் பறிச்சாத்தான் கூடை ரொம்பும். எந்தக் காய எந்தக் கை பறிச்சதுன்னு எந்தச் சாமிக்குத் தெரியும்? மதுரைக்குப் போற காயும் அப்படித்தான். கோயிலுக்குப் போற காயும் அப்படித்தான். இம்புட்டு வருசமா நீங்க தின்ன பாயாசமும் அப்படித்தான். இன்னைக்குத்தான் ஆகாமப் போச்சா?"

எல்லோரும் எங்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். இரண்டாம் வாய்ப்பாடு சொல்லும்போது அடுத்த எண் வராமல் நிற்பவர் முகம் அது. ஆனால் அவர் வியாபாரி. இந்தப் பேச்சு பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் எங்கெல்லாம் போகும் என்று அவருக்குத் தெரியும். பீச்சாங்கை பட்ட காய் என்று ஒரு கோயில் திருப்பி அனுப்பினால் போதும்.

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். "எழுத்து நல்லாத்தான இருக்கு? சிலேட்டக் குடுங்க வாத்தியாரே. பொங்கல் ஆறுது."

அவ்வளவுதான். நியாயத்துக்கு மனம் இரங்கி எங்கள் ஊரில் எவரும் அன்று மாறவில்லை. அப்பா தன் சரக்கைக் காப்பாற்றிக்கொண்டார். பெரிய வாத்தியார் உபயக்காரரைக் காப்பாற்றிக்கொண்டார். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. மகள் கையில் சிலேட்டு வந்துவிட்டது. பேச்சி அதை இடது கையால் வாங்கிக்கொண்டு, வாத்தியார் மடியைவிட்டு இறங்கி, நேரே போய் அம்மா சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

அடுத்தது என் முறை.

எனக்குள் என்னவோ ஏறியிருந்தது. மூன்று மாதமாக அந்த வாசற்படியைப் பார்த்து உட்கார்ந்தவள் நான். வாத்தியார் என் வலது கையைப் பிடிக்குமுன் நான் இடது கையை நீட்டி அரிசியில் எழுதிவிட்டேன். எழுதினேன் என்று சொல்லக்கூடாது, கிறுக்கினேன். சுழி எங்கோ போயிற்று, கோடு எங்கோ போயிற்று. தாம்பாளத்துக்கு வெளியே அரிசி சிந்தியது. அப்பா நாற்காலியில் பாதி எழுந்துவிட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை. பேச்சி அம்மாவைத்தான் பார்த்தேன். அவள் பூரித்துப் போவாள், என்னைத் தூக்கிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அவள் விறுவிறுவென்று என் எதிரே வந்து குந்தினாள். முகம் கடுகடுவென்றிருந்தது.

"ஏ பாப்பா, ஒனக்கு என்ன கேடு? இது ஒங் கையா?"

நான் விழித்தேன்.

"கேக்குறேன்ல, ஒங் கை எது?"

வலது கையைக் காட்டினேன்.

"அப்ப அதுல எழுது. அவ கையால நீ எதுக்கு எழுதுற?"

மொதலாளி பக்கத்தில் இருக்கிறார், நான் மொதலாளி மகள், நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. சிந்தின அரிசியைப் பொறுக்கித் தாம்பாளத்தில் போட்டாள். என் கிறுக்கலின் மேல் தழும்புள்ள அந்த உள்ளங்கையை வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அரிசியைத் தடவிச் சமமாக்கினாள். யாரும் தடுக்கவில்லை.

"ம், எழுது. வெரசா."

நான் என் கையால் எழுதினேன்.